உதடு அசையாமல் ஒரு தேர்வு

இங்கே மெல்பர்னில், என் அறையில் நான் தனியாகப் பரீட்சை எழுதும்போது ஒரு கேமரா என் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. வாரம் ஒரு க்விஸ், இருபது நிமிடம், லேப்டாப்பிலேயே. நம் ஊரைப்போலக் கடைசியில் ஒரே பரீட்சை கிடையாது. இந்தக் குட்டிக் குட்டி க்விஸ்களைக் கூட்டித்தான் மதிப்பெண். ஐந்தாவது வார க்விஸ் முடிந்த மறுநாள் ஒரு மின்னஞ்சல் வந்தது. எழுதும்போது நான் யாருடனோ பேசியது பதிவாகியிருக்கிறதாம், நேரில் வந்து விளக்கம் சொல்ல வேண்டுமாம். காப்பியடித்ததாக முடிவானால் படிப்பு போகும், கூடவே விசாவும் போகும். மூட்டை கட்ட வேண்டியதுதான்.

நான் யாருடனும் பேசவில்லை. கேள்வியை முணுமுணுத்தேன், அவ்வளவுதான். திருவையாற்றுக்குப் பக்கத்தில் எங்கள் தெருவில் படிப்பது என்றால் சத்தம் போட்டுத்தான். அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அடுத்தவர் வயலில் நாள் முழுக்க வரப்பு வெட்டிவிட்டு வந்து வாசலில் கால் கழுவும்போது, மகள் படிக்கிறாளா என்று தெரிந்துகொள்ள அவருக்கு இருந்த ஒரே வழி காதுதான். கணக்கை மனதுக்குள் போட்டால், "என்னம்மா, சத்தத்தையே காணோம்? தூங்கிட்டியா?" என்று குரல் வரும். அதனால் கூட்டல் கழித்தலைக்கூட வாய்விட்டுச் சொல்லியே போடப் பழகினேன். எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி ஆனதும் அப்படித்தான். பெரிய மேதாவி, வாயை மூட மட்டும் கற்றுக்கொள்ளவில்லை.

வரச்சொன்ன விரிவுரையாளர் நல்ல மனிதர். காபி கொடுத்து உட்காரவைத்தார். அதுவே எனக்கு இன்னும் பயமாக இருந்தது. திரையில் என் முகத்தை ஓடவிட்டார். ஒலி பதிவாகவில்லை, உதடு மட்டும் ஓயாமல் அசைந்தது. எனக்கே அது திருட்டுத்தனமாகத் தெரிந்தது.

"அறையில் உங்களுடன் யார் இருந்தார்கள்?"

"யாருமில்லை. நான் எப்போதுமே இப்படித்தான்."

"எப்போதுமேவா?" என்றபடி குறித்துக்கொண்டார்.

நான் பழக்கத்தைச் சொன்னேன்; அவர் அதைக் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டார். முந்தைய நான்கு வாரப் பதிவுகளையும் திறந்தார். நான்கிலும் என் வாய் ஓயவில்லை. கோப்பையை வைக்கப்போய், காபியை அவர் மேஜையில் சிந்திவிட்டேன்.

அன்று அப்பா போனில், "நல்லா படிக்கிறியாம்மா?" என்றார். "படிக்கிறேன்ப்பா" என்றேன். வாய்விட்டுப் படித்ததால் மாட்டிக்கொண்டேன் என்று தெரிந்தால் அவர் தன்னைத்தான் நொந்துகொள்வார்.

மறுவாரம் விரிவுரையாளரும் இன்னொரு ஆசிரியரும் என்னை எதிரில் உட்காரவைத்து, நானே போடுகிறேனா என்று பார்க்க புதிதாக ஒரு கணக்கைத் தாளில் கொடுத்தார்கள். எப்படியாவது வாயை மூடிக்கொண்டு போட்டுவிட வேண்டும் என்று பல்லைக் கடித்தேன். மூளை ஓடவே இல்லை. நேரம் போகப் போக, பயத்தில் நான் எங்கே இருக்கிறேன் என்பதே மறந்து உதடு தானாக முணுமுணுத்தது. விடை வந்துவிட்டது. நிமிர்ந்தால், இருவரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முணுமுணுப்பது வெறும் பழக்கம்தான் என்று நம்பி விட்டுவிட்டார்கள். "ஆனால் கேமராவில் கண்காணிக்கும் மென்பொருளுக்கு இது புரியாது. இனிமேல் தவிர்த்துவிடுங்கள்" என்றார் விரிவுரையாளர்.

இப்போதெல்லாம் க்விஸ் எழுதும்போது திரையின் மூலையில் தெரியும் என் முகம் இந்த ஊர்க்காரியின் முகம்போல அமைதியாக இருக்கிறது. உதடுகள் ஒட்டியிருக்கின்றன. பல்லுக்குப் பின்னால் நாக்கு மட்டும் தமிழில் கணக்குப் போடுகிறது, கன்னம் அசைந்துவிடுமோ என்று பயந்து பயந்து.