லிட்டருக்கு இருபத்தைந்து

எங்கள் அப்பா மறைந்து ஓராண்டு ஓடிவிட்டது. இன்று திதிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தபந்தங்களில் பாதிப் பேராவது அப்பாவின் வெள்ளைக் காரில் ஏறியிருப்பீர்கள். ஏறியவர்கள் எல்லாரும் மனதுக்குள் திட்டியும் இருப்பீர்கள். ஏசி போடச் சொல்லிக் கேட்டு, பனையோலை விசிறியை வாங்கிக்கொண்டவர்கள்தானே நீங்கள்!

அப்பா நார்த்தாமலைப் பக்கம் மானம் பார்த்த பூமியில் பிறந்தவர். சிறுவயதிலேயே தாத்தா தவறிவிட்டதால் படிப்பை விட்டுவிட்டு, ஆலங்குடிக்கு வந்து தேங்காய் மண்டியில் மட்டை உரித்தார். காய்த்துப்போன அந்தக் கையால் எங்கள் தலையைத் தடவினால் முடி சிக்கும். பிறகு சொந்தமாக வியாபாரம் தொடங்கி என்னையும் தம்பியையும் ஆளாக்கினார். யாரிடமும் குரலை உயர்த்தாத மனிதர். கார் கதவை ஓங்கிச் சாத்தினால் மட்டும் முகம் மாறிவிடும்.

அம்மாவுக்கு முதுகில் ஆபரேஷன் நடந்த பிறகு, இனி பஸ்ஸில் நின்றுகொண்டு வரக் கூடாது என்று வாங்கிய பழைய கார் அது. பேசி முடித்துக் கொடுத்தவர் எங்கள் மாமா, அம்மாவின் தம்பி.

"மச்சான், கண்ணை மூடிக்கிட்டு வாங்குங்க. லிட்டருக்கு இருபத்தஞ்சு குடுக்கும், நாஞ் சொல்றேன்" என்றார் மாமா. அந்த வார்த்தையை அப்பா கடைசிவரை விடவில்லை.

ஐம்பதுக்கு மேல் வேகம் போக மாட்டார். வாரம் தவறாமல் டயரில் காற்றுப் பார்ப்பார். கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவி வெயிலில் காய வைப்பார். தேங்காய் வியாபாரி வீட்டுக் கார்தான், ஆனால் கனம் கூடிவிடும் என்று ஒரு தேங்காயைக்கூட அதில் ஏற்ற விடமாட்டார். பெட்ரோல் பங்கில் அதைவிடக் கூத்து. டேங்க் நிறைந்து பம்பு தானாக நின்றதும் எங்கள் எல்லாரையும் இறக்கிவிட்டு, இரண்டு பக்கமும் பிடித்து வண்டியை ஆட்டச் சொல்வார். உள்ளே இருக்கும் காற்று வெளியேறி, இன்னும் கொஞ்சம் பெட்ரோல் இறங்கும். வாய்வரை நிரப்பினால்தான் அடுத்த தடவை கணக்குச் சரியாக வருமாம். நிரப்பும்போது மீட்டரில் இருக்கும் கிலோமீட்டரை மனதில் வைத்துக்கொள்வது அம்மாவின் பொறுப்பு. பங்கில் நிற்பவர்கள் எங்களைப் பார்த்துச் சிரிப்பார்கள். எனக்கு மானம் போகும்.

அத்தனை செய்தும் இருபத்துமூன்றைத் தாண்டியதில்லை.

"என்ன மாப்ள, ஒங்க இருபத்தஞ்சு இன்னைக்கும் வரலையே?" என்று அப்பா மாமாவைச் சீண்டுவார்.

"வண்டியில என்ன மச்சான் கோளாறு? ஓராளு எறங்குனாப் போதும், தன்னால வந்துரும்!"

"ஆளை எறக்கிவிட்டுட்டு வர்ற இருபத்தஞ்சு எனக்கு எதுக்கு மாப்ள? எல்லாரும் உக்காந்து வரணும்."

துபாயில் வேலை பார்க்கும் தம்பி, விடுமுறைக்கு வரும்போதெல்லாம் புது வண்டி வாங்கித் தருகிறேன் என்று மல்லுக்கு நிற்பான். "இது இருபத்தஞ்சத் தொட்டுட்டா மறுநாளே வித்துடுறேன்டா. அதுவரைக்கும் அந்தப் பேச்ச எடுக்காத" என்று அப்பா ஒரே போடாகப் போட்டுவிடுவார். அதனால் அந்த இருபத்தைந்து வராதா என்று அவன்தான் அதிகம் ஏங்கினான்.

போன வருடம் டேங்கை நிரப்பிவிட்டு வீட்டுக்கு வந்த அன்று சாயங்காலமே அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்தது. ஆம்புலன்சில் புதுக்கோட்டைக்குக் கொண்டுபோனோம். "எம்புட்டு வேகமா ஓட்டுறான் பாரு. டீசல் என்னத்துக்கு ஆகும்?" என்று அம்மாவிடம் சொன்னார். அதற்குப் பிறகு அப்பா பேசவே இல்லை. ஐயோ, அந்த வேகமும் போதவில்லையே.

தம்பி வந்து சேர்ந்து, காரியங்கள் நடந்தன. அஸ்தி கரைக்க மணமேல்குடிக் கடலுக்கு அப்பாவின் காரிலேயே போனோம், அவர் நிரப்பி வைத்த பெட்ரோலிலேயே. மாமா ஓட்டினார், தம்பி முன்னால். பின்னால் நானும் அம்மாவும். அம்மா மடியில் கலயம். அது குலுங்கக் கூடாதென்று மாமா மெதுவாகவே ஓட்டினார்.

திரும்பும்போது அதே பங்கில் நிறுத்தினோம். பம்பு நின்றதும், யாரும் சொல்லாமலே இறங்கி வண்டியை ஆட்டினோம். அம்மா, அப்பா கடைசியாக நிரப்பியபோது இருந்த கிலோமீட்டரை ஓர் இலக்கம் பிசகாமல் சொன்னார். அத்தனை அழுகைக்கு நடுவிலும் அதைப் பத்திரமாக வைத்திருந்திருக்கிறார். மாமா மனக்கணக்குப் போட்டார். பிறகு பானட்டைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதார்.

"இருபத்தஞ்சு வந்துருச்சு. ஓராளு எறங்குனா வருமுன்னு நாந்தான சொன்னேன்… பாவி, என் வாயாலதான சொன்னேன்!"

தம்பி வண்டியின் பின்பக்கத்தைப் பிடித்து வெறிகொண்டவன்போல ஆட்டத் தொடங்கினான். "இல்ல மாமா. இன்னும் எறங்கும். ஆட்டுங்க. அக்கா, நீயும் பிடி. இன்னும் எறங்கும்."

நாங்கள் எல்லாரும் சேர்ந்து ஆட்டினோம். பெட்ரோல் போடும் பெண், என்ன ஏதென்று கேட்காமல், பொங்கி வழியும்வரை சொட்டுச் சொட்டாக விட்டார். மாமா மறுபடி கணக்குப் போட்டுத் தலையசைத்தார். இருபத்தைந்துக்குக் கொஞ்சம் குறைந்திருந்தது.

அந்தப் பெண்ணுக்கும், தேடித் தேடி உதிரிபாகம் கொண்டுவந்து வண்டியை உயிரோடு வைத்திருக்கும் மெக்கானிக் அண்ணனுக்கும், துக்க நாட்களில் எங்களுக்குச் சோறாக்கிப் போட்ட தெருவாருக்கும், கடையடைத்துவிட்டு வந்து பாடை தூக்கிய மண்டிக்காரர்களுக்கும், ஊர் கடந்து வந்திருக்கும் உங்கள் எல்லாருக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது.

கார் வாசலில்தான் நிற்கிறது. அப்பா, இருபத்தைந்து இன்னும் வரவில்லை.