சிவப்புப் பொட்டு வச்ச தம்ளர்

என் தம்பிக்கு ஹெபடைடிஸ் சி வந்தப்ப எங்க அப்பா பார்த்த முதல் வைத்தியம், எவர்சில்வர் தம்ளர்ல நகப்பாலிஷால ஒரு சிவப்புப் பொட்டு வச்சதுதான். தட்டுக்கு ஒண்ணு, சொம்புக்கு ஒண்ணு. பாலிஷ் என்னுது. ஒரு வார்த்தை கேக்கல, எடுத்துட்டுப் போயிட்டாரு.

பொன்னமராவதியில உரக்கடை வச்சிருக்கிற கௌரவமான மனுசன் அவரு. மகன் கூட்டாளிகளோட ஒரே ஊசியில போதை ஏத்திக்கிட்டான்னு வெளியில சொல்ல முடியுமா? மஞ்சக்காமாலைன்னு சொல்லிட்டாரு. சொன்னதுதான் தாமதம், சொந்தக்காரங்க ஆளுக்கொரு கட்டு கீழாநெல்லியோட வந்து இறங்கிட்டாங்க. மிஞ்சினதை எங்க ஆடு தின்னுச்சு. ஊருக்குள்ள அதுக்கு மட்டும் ஈரல் பிரமாதமா இருந்திருக்கும்.

புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில டாக்டரம்மா தெளிவாத்தான் சொன்னாங்க. "மூணு மாசம் விடாம மாத்திரை போட்டா சரியாயிடும். இது தட்டு, தம்ளரால ஒட்டாது, ரத்தத்தாலதான். ஊசி, ரேசர் மட்டும் தனியா இருக்கட்டும். வீட்டுல எல்லாரும் டெஸ்ட் எடுத்துக்கங்க."

அப்பா நல்லாத் தலையாட்டுனாரு. வந்து தம்ளரைத் தனியா வச்சாரு. ரேசரை? அது பாத்ரூம் ஜன்னல்ல இருந்த எடத்துலயே இருந்துச்சு. அப்பனும் மகனும் வருசக்கணக்கா அதுலதான் சவரம் பண்றாங்க. நான் தூக்கிக் குப்பையில போட்டேன். "நல்ல பிளேடைப் போய் வீசுறாளே, இவளுக்கு என்ன கேடு!"ன்னு என்னையத்தான் திட்டுனாரு.

தம்பிக்குச் சாப்பாடு கொல்லைப்புறத்துல. கொஞ்ச நாள் பொறுத்தான். ஒரு மத்தியானம் பையில துணியை அடைச்சுக்கிட்டு நின்னான்.

"அந்தப் பயலுக ஒரே ஊசியக் குடுத்தானுங்க, அக்கா. நீங்க ஒரு தம்ளரக் குடுக்க மாட்டேங்குறீங்க."

பாதி மாத்திரையில விட்டுட்டு அங்கிட்டுப் போனான்னா மறுபடியும் ஊசிதான். "எங்க டெஸ்ட் ரிசல்ட் வர்ற வரைக்கும் இருடா"ன்னு கையைப் பிடிச்சுக்கிட்டேன். பையைப் பிரிக்காமலே இருந்தான்.

ரிசல்ட் வந்துச்சு. எனக்கும் அம்மாவுக்கும் இல்ல. அப்பாவுக்கு இருக்கு.

"ஐயா, ஊசி எதுவும் போட்டுக்கிற பழக்கம் உண்டா?"ன்னு ஆஸ்பத்திரியில கேட்டாங்க. அப்பா மொகத்தைப் பார்க்கணுமே! "நானா? காய்ச்சலுக்குத்தாங்க போட்டுக்குவேன்." அது பொய்யில்ல. தும்மல் வந்தாலும் ஊசி போடாத டாக்டரை அவரு டாக்டர்னே ஒத்துக்க மாட்டாரு. அந்தக் காலத்துல ஊருக்கே ஒரு கண்ணாடி ஊசிதான். அதுல வந்துச்சா, ரேசர்ல வந்துச்சா, யாரு யாருக்குக் குடுத்தாங்கன்னு இப்பச் சொல்ல முடியாதுன்னுட்டாங்க.

வீட்டுக்கு வந்ததும் அம்மா, பாவம், பாலிஷ் பாட்டிலும் கையுமா நின்னுச்சு. "இவருக்கு எந்தத் தம்ளர்ல வைக்க?" எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்துருச்சு.

அப்பா கொல்லைக்குப் போனாரு. தம்பி சாப்பிட்டுக்கிட்டு இருந்தான். பக்கத்துல உக்காந்து அவன் தம்ளரை எடுத்துக் குடிச்சாரு.

"அது என்னுதுப்பா."

"தெரியும்டா." மீதியை அவன்கிட்ட நீட்டுனாரு. "எனக்கும் மாத்திரை குடுத்திருக்காங்க. தெனம் மறக்காம போடணுமாம். நான் மறந்துருவேன்டா."

தம்பி தம்ளரை வாங்கிக் குடிச்சான். "நான் ஞாபகப்படுத்துறேன்"னான்.