நடுவில் நின்ற கொடி

கனடாவில், மொன்றியல் ஹோட்டல் ஒன்றில் விருந்து மண்டபத்தைப் பார்த்துக்கொள்ளும் பாங்க்வெட் சூப்பர்வைசராக இருந்து, போன வருடம்தான் ஓய்வுபெற்றேன். மேசை, கதிரை, மைக், கொடி எல்லாம் என் பொறுப்பு. அதில் என்னை வியர்க்க வைத்தது கொடிதான்.

ஒரு நாள் பிரான்ஸ் மந்திரி ஒருவருக்கு மதிய விருந்து. கொடுப்பது கனடா மத்திய அரசும், பிரெஞ்சு பேசும் எங்கள் கியூபெக் மாகாண அரசும் சேர்ந்து. முன்னொரு காலம் பிரெஞ்சு ஜனாதிபதி ஒருவர் இந்த ஊர் பல்கனியில் நின்று, "சுதந்திரக் கியூபெக் வாழ்க" என்று முழங்கிவிட்டுப் போனார். அந்தச் சூடு இன்னும் முழுதாக ஆறவில்லை. பிரெஞ்சுக்காரர் வந்தாலே, யார் கொடி எங்கே என்று இரண்டு பக்கமும் முறுக்கிக்கொள்ளும்.

"நடுவில் கனடா" என்றார் தலைநகர் ஒட்டாவாவிலிருந்து வந்த மத்திய அரசு அதிகாரி. "அப்படியென்றால் எங்கள் மந்திரி உள்ளே வர மாட்டார்" என்றார் கியூபெக் அதிகாரியான அம்மா. இருவரும் ஃபோனும் கையுமாக வெளியே போனார்கள்.

"இதில் பிழை வந்தால் நீயும் நானும் வேறு வேலை தேட வேண்டியதுதான்" என்றார் என் மேனேஜர். அவர் பகிடி விடுகிற ஆளில்லை.

நான் சமையலறைக்குப் போய்த் திரும்புவதற்குள் என் உதவியாள் யேசுராசா மூன்று கொடியையும் நிறுத்திவிட்டான். மன்னார்க்காரன், ஞாயிறுகளில் மாதா கோயில் பீடத்தைப் பூ வைத்துச் சோடிக்கிறவன். நடுவில் பிரான்ஸ்!

"டேய், ஆரைக் கேட்டு வச்சனி?"

"ஏன் அண்ணை? ஒரு பக்கம் கனடாச் சிவப்பு, மற்றப் பக்கம் கியூபெக் நீலம், ரெண்டும் கலந்த பிரான்ஸ் நடுவில. பீடத்தில பூ வைக்கிற மாதிரித்தான் வச்சன். வடிவாத்தானே கிடக்கு?"

மாற்ற நேரமில்லை, இருவரும் உள்ளே வந்துவிட்டார்கள். கொடிகளைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"விருந்தாளி நடுவில். எனக்குச் சரி" என்றார் ஒட்டாவாக்காரர்.

"எனக்கும்தான்" என்றார் அந்த அம்மா.

அப்பாடா! பக்கத்துக் கதிரையில் பொத்தென்று இருந்துவிட்டேன். மேனேஜர் முதன்முறையாகச் சிரித்தார்.

பிரெஞ்சு மந்திரியோடு வந்த உதவியாளர் பெண்ணும் கொடிகளைப் பார்த்துச் சிரித்தார். "இங்கே வந்தால் நாங்கள் எப்போதும் மாட்டிக்கொள்கிற இடம் இந்த நடுதான்" என்றார்.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். நடு இடத்துக்குச் சண்டை பிடிக்கிறவர்களுக்கு அந்த இடமே வேண்டுமென்றில்லை. மற்றவருக்குப் போகாவிட்டால் போதும்.

அடுத்த சனிக்கிழமை எங்கள் ஹோலில் ஒரு தமிழ்க் கல்யாணம். முன்வரிசை நடுக் கதிரைக்கு இரண்டு சம்பந்திமாரும் முறைத்துக்கொண்டு நின்றார்கள்.

"அண்ணை, பிரான்ஸைக் கூட்டிக்கொண்டு வரட்டே?" என்றான் யேசுராசா. போய், ஒரு மூலையில் கோப்பி குடித்துக்கொண்டிருந்த, கல்யாணத்தை நடத்திவைத்த கோயில் சுவாமியாரைக் கூட்டி வந்து நடுவில் இருத்தினான்.