நாலில் ஒன்று

நைஜீரியாவின் ஒக்போமோஷோ ஊரில், மேல்நிலைப் பள்ளியொன்றில் சேகிலோலா உயிரியல் ஆசிரியை. கடினமான சொல் எதுவானாலும் உடைத்துச் சொல்லிவிடுவாள். "கடத்தின்னா நோயைச் சுமக்கிறவங்க. அவங்களுக்கு ஒண்ணும் செய்யாது. பிள்ளைக்குப் போகலாம்."

அவளும் கடத்திதான். கட்டிக்கொள்ளப் போகிற லாரி ஓட்டுநர் அடெடாயோவும் கடத்தி என்று கல்யாணத்துக்கு முன்பே இரத்தச் சோதனையில் தெரிந்தது. இரண்டு கடத்திகள் சேர்ந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் அரிவாள் அணு நோய் வர நாலில் ஒரு வாய்ப்பு.

அடெடாயோ சிரித்தான். "மூணு பங்கு நம்ம பக்கம் இருக்கே டீச்சர்!"

அவளும் சிரித்துவிட்டாள்.

பிறந்த மகள் இரேதிக்கே அந்த நாலில் ஒன்று விழுந்தது. இரத்த அணுக்கள் அரிவாளாய் வளைந்து அடைத்துக்கொள்ளும்போது பிள்ளை துடிக்கும். லாரியை நிறுத்திவிட்டு அடெடாயோ அவளை முதுகில் கட்டிக்கொண்டு முற்றத்தில் நடப்பான்.

"அம்மா, இன்னிக்கு அரிவாளெல்லாம் முழங்கால்ல வந்து நிக்குது" என்பாள் இரேதி.

பாலைக்காற்று வீசிய ஒரு மாதத்தில் காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பவில்லை. அவளுக்கு எட்டு வயது.

துக்கம் ஆறுமுன்னே அடெடாயோவின் தங்கை மொராடேகே வந்தாள். அவளும் அவளுக்கு நிச்சயித்த கொலாபோவும் கடத்திகளாம்.

"என்ன செய்யட்டும் அண்ணி? நீங்க சொன்னா கேக்கறேன்."

வாசலில் டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்த அடெடாயோவின் கை நின்றது. 'வேண்டாம்' என்றால் இரேதி பிறந்திருக்கவே வேண்டாம் என்றாகிவிடும். அது தெரிந்தே சேகிலோலா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம் மொராடேகே. அந்தப் பிள்ளை ராத்திரியெல்லாம் கத்தினதை நீ கேட்டதில்ல."

மொராடேகே அழுதுகொண்டே போனாள். அந்த வாரமே நிச்சயத்துக்கு வந்த சேனைக்கிழங்கும் துணிமணியும் கொலாபோ வீட்டுக்குத் திரும்பிப் போயின.

ஒருநாள் அடெடாயோ கஞ்சிக் கிண்ணத்தைத் தள்ளிவைத்து மனைவியிடம் கேட்டான்:

"அவகிட்ட சொன்னியே, அதை ஏன் அன்னிக்கு என்கிட்ட சொல்லல? உனக்குத்தான் எல்லாம் தெரியுமே."

"தெரியும். தெரிஞ்சும் நீதான் வேணும்னு இருந்தேன்."

அவன் அழுதான். எழுந்து போகவில்லை, அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான்.

அவர்களுக்கு வேறு பிள்ளை பிறக்கவில்லை. அடுத்த பருவத்தில் மரபியல் பாடம் வந்தபோது சேகிலோலா வழக்கம்போல் நடத்தினாள். 'நாலில் ஒன்று' என்று கரும்பலகையில் எழுதிவிட்டு, பிள்ளைகள் பக்கம் திரும்பத்தான் கொஞ்ச நேரமாயிற்று.