உரக் கிடங்கில் உடைந்த கல் எலும்பு

அன்று உரக் கிடங்கில் இருந்தவர்கள்: சுத்தியல் பிடித்த நான். சல்லடை பிடித்த என் பெண்சாதி செல்லாயி. வாசலில் நின்று வேலை வாங்கிய பெரியண்ணன் கங்காணி. சாக்கு இறக்கிவிட்டுப் போன வண்டிக்காரர் காசிம் நானா. வேறு ஆள் இல்லை.

இலங்கையில் எல்ல என்ற ஊருக்குக் கீழே இருந்த தேயிலைத் தோட்டம் அது. பண்டாரவளைக்கு ரயில் வந்து சில வருஷம் ஆகியிருந்தது. அப்போது தேயிலைக்கு எலும்புத் தூள் போடுவார்கள். ரயிலில் மாட்டெலும்பு சாக்குச் சாக்காக வரும். கல் மேல் வைத்து உடைப்பது என் வேலை. சலித்துத் தூள் எடுப்பது செல்லாயி வேலை. நாற்றம் பழகிவிடும்.

1. உடைத்தது

நாலாவது சாக்கில் ஒரே ஒரு எலும்பு இருந்தது. என் தொடை நீளம். அடித்தேன், சுத்தியல் எகிறியது. மறுபடி அடித்தேன், தீப்பொறி பறந்தது. மூன்றாம் அடியில் சிதறியது.

"இந்தாங்க, இது எலும்பா கல்லா?" என்றாள் செல்லாயி.

"கிழட்டு மாடாயிருக்கும். சலி."

தூக்கும்போதே கனம் தெரிந்தது. யோசிக்கவில்லை. அன்று சாயங்காலத்துக்குள் ஏழு சாக்குத் தூள் முடிக்க வேண்டும். அவள் சலித்த தூள் எட்டாம் நம்பர் தேயிலை மலைக்குப் போயிற்று. பெரிய துண்டுகள் குவியலில் கிடந்தன.

2. பெரட்டில்

மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குத் தோட்டத்துத் துரையே வந்தார். அவருக்குப் பழைய கல் சேர்க்கும் பழக்கம். கல்லாய்ப் போன சங்கு, இலை எல்லாம் பங்களா அலமாரியில் இருக்கும். முந்தின நாள் ரயிலில் அவருக்கு ஒரு பெட்டி வந்தது. காசிம் நானா வண்டியில் ஏற்றிவந்தார். பெட்டிக்குள் இருந்த லிஸ்ட்டில் பெரிய எலும்பு ஒன்று எழுதியிருந்தது. பெட்டியில் அது இல்லை.

"வண்டிக்காரன் திருடன். பதுளை போலீஸுக்கு காயிதம் எழுதியாச்சு. சாயங்காலம் தபால்ல போகும்," என்றார் துரை.

காசிம் நானாவைப் பங்களா வாசலில் உட்கார வைத்திருந்தார்கள். அவர் கும்பிட்டார். "தொரை, நாய் கூடத் திங்காத எலும்ப நான் என்னத்துக்கு எடுக்க? வளைவுல பொட்டி ஒடஞ்சிச்சு. வெளிய வந்தத வெறுஞ்சாக்குல சுத்தி வச்சன். எறக்குற நேரம் மறந்திட்டன்."

அந்த நாலாவது சாக்கு அதுதான் என்று எனக்கு விளங்கிவிட்டது. கங்காணிக்கும் விளங்கிவிட்டது.

"வாயத் தொறக்காத. வேலய நிப்பாட்டிப் பத்துச்சீட்டக் கிழிச்சுக் குடுத்துருவாரு. பொண்டாட்டியோட ரோட்டுல நிக்கணும்," என்றார்.

செல்லாயியைப் பார்த்தேன். "அந்த நானாவுக்கு நாலு பொம்பளப் புள்ளைங்க," என்றாள்.

துரை முன்னால் போய் நின்றேன். "நாந்தாங்க ஒடச்சேன்."

3. இனம் பார்த்தது

கையில் கிடைத்த துண்டுகளைக் காட்டினேன். துரை நம்பவில்லை.

"இது ஆத்துக் கல். நீ வண்டிக்காரனுக்குக் கூட்டு."

அதனால் கிடங்குக்குப் போய் முழுக் குவியலையும் கிளறினேன். மாட்டெலும்பு லேசு. இது கனம். தட்டினால் மாட்டெலும்பு மொத்தென்று கேட்கும், இது கணீரென்று கேட்கும். சந்தேகமானதை நெருப்பில் காட்டினேன். மாட்டெலும்பு நாறியது. இது நாறவில்லை. செல்லாயி எட்டாம் நம்பர் மலைக்குப் போய்த் தேயிலைத் தூரைக் கிளறி, மடியில் கொஞ்சம் கட்டிக்கொண்டு வந்தாள்.

மத்தியானத்துக்கு மேல் பங்களா வராந்தாவில் சாக்கை விரித்துத் துண்டுகளைப் பொருத்தினேன். ஒரு நுனி உருண்டையாக வந்தது. பக்கத்தில் மாட்டுத் தொடையெலும்பு ஒன்றை உடைத்து வைத்தேன்.

"பாருங்க தொரை. ரெண்டுக்கும் வெளி ஓடு கெட்டி. உள்ள சல்லட மாதிரி ஓட்ட. இதுல ஓட்டயெல்லாம் கல்லு அடச்சிருக்கு. ஆத்துக் கல்லுல ஓட்ட இப்பிடி இருக்காது. இது தொட எலும்பு. இடுப்புல சேர்ற பக்கம்."

துரை பூதக்கண்ணாடியை எடுத்துவந்து மண்டியிட்டார். வெகு நேரம் எழவில்லை. பிறகு பெட்டியோடு வந்த படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"பக்கத்துத் தோட்டத்துத் தொரை படத்தைப் பார்த்து இதைக் கல்லாப் போன மரம்னு சொன்னான். உடைஞ்சதாலதான் உள்ள தெரியுது. எலும்புதான்." டைனோசர் என்று ஒரு பேர் சொன்னார். பல்லி மாதிரி, யானையைவிடப் பெரிசாம். திருச்சிப் பக்கம் மண்ணுக்குள் எடுத்ததாம்.

கங்காணி என் காதில், "நம்ம ஊர்க்காரனப் போயி ஒடச்சுப்புட்டியேடா," என்றார். சிரிக்கப் பயந்து இருமினேன்.

தபால்காரன் வாசலில் வந்து நின்றான். துரை போலீஸுக்கு எழுதின காகிதத்தைக் கிழித்துப் போட்டார். காசிம் நானா எழுந்து இடுப்புச் சாரத்தைத் தட்டினார். என்னைப் பார்த்து, "ஒன்ட சுத்தியலுக்குக் கண்ணில்ல," என்று சொல்லிவிட்டு வண்டி பூட்டப் போனார். அவர் கண் ஈரமாக இருந்தது.

எனக்கு எட்டு நாள் பேர் போடவில்லை, கூலியும் இல்லை. பத்துச்சீட்டு கிழிக்கவில்லை.

கிடங்கில் வேலை செய்கிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். முதலில் கையில் தூக்கிப் பாருங்கள். கனம் மாறினால் சுத்தியலைக் கீழே வையுங்கள். சாக்குக் கணக்கு நாளைக்கும் முடிக்கலாம். உடைத்துவிட்டால் அன்றைக்கே போய்ச் சொல்லுங்கள். இப்போது அந்த வேலையும் இல்லை, அந்தத் துரையும் இல்லை. அந்த நாற்றத்தை மட்டும் சில நாள் மனசு தேடுகிறது.

அன்று துரை துண்டு ஒவ்வொன்றிலும் வெள்ளைத்தாள் ஒட்டி நம்பர் எழுதினார். நான் எடுத்துக் கொடுத்தேன். கடைசி நம்பர் இருபத்தாறு.