“பதிவானது” என்று சொன்ன ஃபங்ஷன்

எங்கள் ஆபீஸ் அம்பத்தூர் எஸ்டேட்டில், பிளான்ட் திருமழிசையில். வண்டிகளுக்கு பிரேக் பாகங்கள் செய்கிற கம்பெனி. டேட்டாபேஸ் என் பொறுப்பு. பிளான்டில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு: உற்பத்தி லைன் ஓடும்போது கம்ப்யூட்டர் திரையில் பிழை என்று சிவப்புப் பெட்டி வரக்கூடாது. வந்தால் சூப்பர்வைசர் போன் போட்டு உயிரை எடுத்துவிடுவார். அதற்கு எனக்கு முன்னால் இருந்தவர்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். டேட்டாபேஸுக்குள் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு குட்டி புரோகிராம் இருக்கும், ஃபங்ஷன் என்போம்; எதை எழுதினாலும் அடியில் நாலு வரி ஒட்டிவிடுவார்கள். பிழை வந்தால் கண்டுகொள்ளாதே, “பதிவானது” என்று திருப்பிச் சொல். அவ்வளவுதான் அந்த நாலு வரி. நானும் ஒட்டினேன். பழைய ஃபங்ஷனைக் காப்பி எடுத்து, மேலே இருப்பதை மட்டும் மாற்றுவதற்குப் பெயர்தான் அங்கே வேலை.

பிளான்டில் இன்ஸ்பெக்ஷனில் ஒரு அக்கா இருந்தார். வெள்ளானூர்க்காரர். குறை கண்டு திருத்திய பாகங்களை மறுபடி அளந்து, அந்த அளவுகளைக் கணினியில் ஏற்றுவார். ஒருநாள் வாடிக்கையாளர் அப்படித் திருத்திய சில லாட்டுகளின், அதாவது ஒரே எண்ணில் போகிற பாகத் தொகுப்புகளின், அளவுகளைக் கேட்டார். தேடினால் ஒன்றுகூட இல்லை. மற்றவர்கள் ஏற்றியதெல்லாம் பத்திரமாக இருந்தது, அக்கா ஏற்றியது மட்டும் இல்லை. ஏற்றினேன், திரையில் பதிவானது என்று வந்தது என்று அக்கா பிள்ளைகள்மேல் சத்தியம் செய்தார். அளக்காமலே சரக்கை அனுப்பிவிட்டுக் கதை விடுகிறார் என்று முடிவு கட்டினார்கள். மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, சிஸ்டம் தவறவிட்டிருக்குமா என்று கேட்டார். நான் ஃபங்ஷனைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

“சிஸ்டம் பொய் சொல்லாது சார்” என்றேன்.

அந்த வாரமே அக்காவை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். நான் அன்றைக்கு கேன்டீனில் வயிறாரச் சாப்பிட்டேன் என்பதும் நினைவிருக்கிறது.

பல மாதம் கழித்து, தணிக்கைக்கு ஆள் வருகிறார்கள், ஃபங்ஷன்களில் என்ன குறை இருக்கிறதென்று பார்த்து வை என்றார்கள். நூற்றுக்கணக்கில் கிடப்பதை யார் ஒவ்வொன்றாகத் திறப்பது? டேட்டாபேஸ் தன்னைப் பற்றித் தானே ஒரு கேட்டலாக் வைத்திருக்கும். எந்தெந்த ஃபங்ஷன் இருக்கிறது, கடைசியாகத் திருத்தியது யார், உள்ளே என்ன எழுதியிருக்கிறது எல்லாம் அதில் கிடைக்கும். பிழையை விழுங்குகிற அந்த நாலு வரி எங்கெல்லாம் இருக்கிறது என்று அதனிடம் ஒரு க்வெரி போட்டேன். பட்டியல் நீளமாக வந்தது. நடுவில் அளவுகளை ஏற்றும் ஃபங்ஷன். கடைசியாகத் திருத்தியவர் என்ற இடத்தில் என் லாகின்.

காரணம் பிடிபட ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. திருத்திய லாட்டுகளுக்கு மட்டும் லாட் எண்ணின் கடைசியில் ஓர் எழுத்து சேர்க்கச் சொல்லியிருந்தார்கள். அளவுகள் போய்ச் சேரும் டேபிளில், லாட் எண்ணுக்கான கட்டத்தில், அந்த ஓர் எழுத்துக்கு இடம் இல்லை. டேட்டாபேஸ் ஒவ்வொரு முறையும் முடியாது என்றிருக்கிறது. என் நாலு வரி அதை விழுங்கிவிட்டு, பதிவானது என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறது.

மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். சரிபண்ணிவிடு, மெயில் எதுவும் போடாதே என்றார். அக்கா விஷயம் என்று இழுத்தேன். அது முடிந்துபோனது என்றார். எனக்கு அவர்மேல் வந்த ஆத்திரத்தைவிட என்மேல் வந்ததுதான் அதிகம். ஆனாலும் தலையாட்டிவிட்டு வந்து, எல்லா ஃபங்ஷன்களிலிருந்தும் அந்த நாலு வரியை எடுத்தேன்.

போன மாதம் அண்ணனூரில் ரயிலுக்கு நிற்கும்போது அக்காவைப் பார்த்தேன். இப்போது ஏதோ துணிக் கம்பெனியில் பிசிறு வெட்டுகிறாராம். மனசு கேட்காமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அக்கா ஒன்றே ஒன்று கேட்டார்.

“நான் ஏத்தினேன்னு ஒரு பேப்பர்ல எழுதிக் குடும்மா. வேலைக்கு இல்ல. எங்க ஊட்டுக்காரரே நான் பொய் சொல்றேன்னு நெனச்சிகினு கீறாரு.”

தருகிறேன் அக்கா என்றேன்.

இன்றுவரை எழுதவில்லை. என் கையெழுத்தோடு அப்படி ஒரு காகிதம் வெளியே போனால் என் வேலை போய்விடும் என்ற பயம்தான், வேறொன்றும் இல்லை. திங்கள்தோறும் அந்த க்வெரியை ஓட்டுகிறேன். இப்போதெல்லாம் ஒரு வரியும் வருவதில்லை. குறை எதுவும் இல்லை என்று மேனேஜருக்கு எழுதி அனுப்புகிறேன். அதை மட்டும் உடனே எழுதிவிடுகிறேன்.