பார்க்க மட்டும்

ஓட்டலின் வரவேற்பு மேசையில் நாங்கள் விருந்தினருக்குக் கொடுத்த தாளில் ஒன்பது இடங்கள் இருந்தன. கடற்கரைக் கோயில், ஐந்து ரதம், அர்ச்சுனன் தபசு, கலங்கரை விளக்கம், வெண்ணெய் உருண்டைப் பாறை, புலிக்குகை, முதலைப் பண்ணை, திருக்கழுக்குன்றம், வேடந்தாங்கல். எத்தனை கிலோமீட்டர், எப்போது போனால் நல்லது என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே அச்சிட்டிருக்கும். அடியில் மட்டும் அச்சில் இல்லாத வரி ஒன்று சிவப்புப் பேனாவில் இருக்கும். ‘கடல்: பார்க்க மட்டும், குளிக்க அல்ல.’ தமிழில் ஒரு முறை, ஆங்கிலத்தில் ஒரு முறை. எழுதியவர் எங்கள் மேனேஜர்.

முதலில் அதுவும் அச்சில்தான் இருந்ததாம். கடலைப் பார்க்க ஆசையாக வருகிறவர்களை இப்படியா பயமுறுத்துவது என்று முதலாளி அதை எடுக்கச் சொல்லிவிட்டார். மேனேஜர் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாளிலிருந்து கையால் எழுத ஆரம்பித்தார். சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். வந்ததும் டீ கூடக் குடிக்காமல் நாற்பது தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். அறைகளைப் பார்த்துக்கொண்ட பெண்கள் அவருக்குச் ‘செவப்பு மை’ என்று பெயர் வைத்திருந்தார்கள். அது அவருக்கும் தெரியும். ரப்பர் ஸ்டாம்ப் செய்துவிடலாமே சார் என்று நான் ஒருமுறை கேட்டேன். “அச்சுல இருந்தா எவன்மா படிக்கிறான்? கையால எழுதினாத்தான் இன்னாவோ கீதுன்னு ஒரு வாட்டியாவது பாப்பான்” என்றார்.

நான் தென்காசிப் பக்கத்துக்காரி. கணவருக்குக் கல்பாக்கத்தில் வேலை என்பதால் இந்தக் கரைக்கு வந்து சேர்ந்தவள். மேனேஜருடைய பேச்சு காதில் பழகவே எனக்கு மூன்று மாதம் ஆனது. விருந்தினரிடம் சுத்தமான ஆங்கிலம், எங்களிடம் வீட்டுப் பேச்சு. வேலை நேரத்தில் பொய் சொல்லத் தெரியாத ஓட்டல்காரர் என்று அவரைச் சொல்லலாம். கோடையில் வேடந்தாங்கலுக்குக் கார் கேட்கிறவர்களிடம், இப்போது போனால் பறவை இருக்காது, மரம்தான் இருக்கும் என்று சொல்லித் திருப்பிவிடுவார். திருக்கழுக்குன்றத்துக் கழுகுகளைக் கேட்டு வருகிறவர்களிடம், அவை வருவது நின்று பல காலமாகிறது, படியேற முடிந்தால் மட்டும் போங்கள் என்பார். கார் வாடகை போகிறதே என்று டிரைவர்கள் முணுமுணுப்பார்கள். எனக்கும் அவருடைய கறார்த்தனம் சில நாள் எரிச்சலாகத்தான் இருந்தது. அதை மறைப்பதில் இப்போது பயன் இல்லை.

அந்த வருஷம் காணும் பொங்கலன்று அவர் விடுப்பு எடுத்திருந்தார். மதுராந்தகத்துப் பக்கம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தார். காலையில் அங்கிருந்து போன் செய்தார். பின்னால் ஒரே சத்தம், மைக்செட் அலறிக்கொண்டிருந்தது. ஜெனரேட்டருக்கு டீசல் பார்க்கச் சொன்னார். மாடியில் ஓர் அறையில் குழாய் ஒழுகுகிறது, ஆளை வரச் சொல் என்றார். “அப்புறம் அந்தத் தாள்ல எழுதி வச்சுடும்மா, கூட்டம் வர்றதுக்கு முன்னால” என்றார். சரி சார் என்றேன். உட்கார்ந்து எழுதவும் தொடங்கினேன். ஆறு தாள் எழுதியிருப்பேன், வாசலில் இரண்டு வேன் வந்து நின்றது. பேனாவை மூடி வைத்தேன். ஏழாவது தாளிலிருந்து வெறும் அச்சைத்தான் கொடுத்தேன்.

சிறுசேரியில் மென்பொருள் வேலை பார்க்கும் மூன்று பேர் பகலில் வந்தார்கள். அவர்களில் உயரமானவர் தாளை வாங்கிப் படித்துவிட்டு, “பீச் பக்கமா மேடம்?” என்று கேட்டார். “பின் கேட்டுல போனா அஞ்சு நிமிஷம் சார்” என்றேன். சிரித்துக்கொண்டே சொன்னேன். கோயில் பக்கத்துக் கரையில் அன்று போலீஸ் காவல் இருந்தது. எங்கள் ஓட்டலுக்குப் பின்னாலிருந்த கரையில் யாரும் இல்லை. நான்கு மணி சுமாருக்கு இரண்டு பேர் ஈரத்தோடு ஓடி வந்தார்கள். மீனவர்கள் படகைத் தள்ளிக்கொண்டு போய் மூன்றாமவரான அந்த உயரமானவரைக் கொண்டுவந்தார்கள், உயிர் இல்லை. அறையைப் பூட்டி வைக்க நான்தான் போனேன். கட்டிலில் அந்தத் தாள் கிடந்தது. வேடந்தாங்கலைச் சுற்றி ஒரு வட்டம் போட்டிருந்தார், மறுநாள் போவதாக இருந்திருக்கும். நான் அதை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு போய், பஸ் நிறுத்தத்தில் கிழித்துப் போட்டேன்.

மறுநாள் முதலாளி எல்லோரையும் சாப்பாட்டுக் கூடத்தில் நிற்க வைத்தார். அச்சிலிருந்து அந்த வரியை எடுக்கச் சொன்னவரே, தினமும் எழுதுவீர்களே, நேற்று ஏன் எழுதவில்லை என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மேனேஜர் ஓர் அடி முன்னால் வந்து, “நான் சொல்ல மறந்துட்டேன் சார். இந்தப் பொண்ணாண்ட சொல்லாம விட்டது என் தப்பு” என்றார். என்னைக் காப்பாற்றுகிறார் என்று புரிந்துகொண்டேன். அந்த நிமிஷத்தில் அவர் எனக்குத் தெய்வமாகத் தெரிந்தார். வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

அந்த வாரமே வேலையை விட்டுவிட்டார். கிளம்புகிற அன்று பின்னாலேயே வாசல்வரை போய், கண்ணில் நீர் வழியக் கையெடுத்துக் கும்பிட்டேன். “இன்னாத்துக்குமா இது?” என்றார் குழப்பத்தோடு. பெரிய மனிதர்கள் செய்த உதவியைச் சொல்லிக் காட்ட மாட்டார்கள் என்று அதற்கும் நானே ஓர் அர்த்தம் செய்துகொண்டேன். பிறகு பல வருஷம் அவரைப் பற்றிப் பேச்சு வந்தால், அவரைப் போல ஒரு மனிதர் உண்டா என்று உருகுவேன். எதற்காக உருகுகிறேன் என்பதை யாரிடமும் சொன்னதில்லை. போய்ப் பார்க்கவும் இல்லை. நானும் அந்த ஓட்டலை விட்டு வேறிடம் மாறிவிட்டேன். அந்தப் பழைய ஓட்டலில் இப்போது கொடுக்கிற தாளில் அந்த வரியைக் கொட்டை எழுத்தில், எல்லா இடங்களுக்கும் மேலே அச்சிட்டிருக்கிறார்கள்.

அவர் இறந்துபோனது இரண்டு மாதம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. விசாரித்துக்கொண்டு சிங்கப்பெருமாள் கோயிலுக்குப் போனேன். என் பெயரைச் சொன்னதும் அவர் மனைவிக்கு என்னைத் தெரிந்துவிட்டது. காப்பி கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். “அதுக்கப்புறம் கடல் பக்கமே போகலம்மா அவரு. பேரப் புள்ளைங்க கூப்ட்டாக்கூட வூட்டுலயே இருந்துக்குவாரு. அன்னிக்கிப் போன்ல டீசல் பத்திப் பேசினது ஞாபகம் கீது, கொழாய் பத்திப் பேசினது ஞாபகம் கீது, இத சொன்னமா இல்லயான்னு மட்டும் தெரியலன்னு பேஜாராயி பொலம்பிக்கினே இருப்பாரு. அப்புறம் அவரே, சொல்லியிருந்தா அந்தப் பொண்ணு எழுதியிருக்கும், நல்ல பொண்ணு, அப்போ நான்தான் சொல்லலன்னுவாரு. கடைசி வரிக்கும் அதான்.”

கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தேன். இத்தனை வருஷம் நான் கும்பிட்டுக்கொண்டிருந்த பெருந்தன்மை அங்கே இருந்ததே இல்லை. என்னை நல்லவள் என்று நம்பியதால், தன் ஞாபகத்தையே அவர் சந்தேகப்பட்டிருக்கிறார். எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது. “சொன்னாருக்கா” என்றேன். “போன்ல தெளிவாச் சொன்னாரு. நானும் சரின்னேன். ஆறு தாள்ல எழுதிட்டு நிறுத்திட்டேன். அவர் மறக்கல.”

அந்த அம்மா கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது. அவர் மெதுவாகத்தான் கேட்டார்.

“அவரு உசுரோட இருந்தப்பவே வந்து, அவராண்ட இத ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேம்மா?”